பெங்களூரில் ஓடத் தொடங்கியிருக்கிறீர்களா? ஜிபிஎஸ் வாட்ச் வாங்கும் முன்

ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்காவுக்குள் வண்டி விடுவதில்லை. விடிந்ததும் பாதி ஊர் அங்கேதான் ஓடுகிறது. ஓடி முடித்து இளநீர்க்காரர் முன்னால் நிற்கும்போது பேச்சு டிராஃபிக், மழை, முழங்கால் வலி என்று சுற்றிக் கடைசியில் வாட்சுக்கு வந்துவிடும். போன மாதம்தான் ஓடத் தொடங்கியவர் அறுபதாயிரம் ரூபாய் மாடலின் பெயரைச் சொல்லி, "எடுத்துடலாமாண்ணா?" என்பார். இந்தக் கட்டுரை அவருக்கு.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூரம், வேகம், இதயத்துடிப்பு மூன்றையும் நம்பும்படி அளக்க இருபதிலிருந்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் வாட்ச் போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் பேட்டரி, வரைபடம், டைட்டானியம், கீறல் விழாத கண்ணாடி ஆகியவற்றுக்குப் போகிறது. அவை தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவரா என்று கண்டுபிடிக்கும் வழிதான் கீழே.

முதல் படி: போனிலேயே ஓடுங்கள்

இரண்டு மூன்று மாதம் எதுவும் வாங்க வேண்டாம். ஸ்ட்ராவா போன்ற செயலியின் இலவசப் பதிப்பே தூரத்தையும் வேகத்தையும் பதிவு செய்யும். போனை இடுப்புப் பட்டையில் வைத்துக்கொண்டால் போதும், கையில் பிடித்து ஓடாதீர்கள்.

ஆண்ட்ராய்டு போனில் ஒரு வேலை செய்தாக வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகத் திரை அணைந்ததும் செயலியைத் தூங்க வைத்துவிடும் பழக்கம் பல போன்களுக்கு உண்டு. அப்போது பதிவு நடுவில் அறுந்து, நீங்கள் உயர் நீதிமன்றத்துக்குள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியே வந்ததுபோல் வரைபடத்தில் நேர்கோடு விழும். போன் செட்டிங்ஸில் அந்தச் செயலியைத் திறந்து, பேட்டரி பகுதியில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள். இருப்பிட அனுமதியில் துல்லிய இருப்பிடத்தையும் இயக்குங்கள். ஜிபிஎஸ் மோசம் என்று போன்மேல் வரும் புகார்களில் நிறைய இதிலேயே தீர்ந்துவிடும்.

இந்த மாதங்களில் உங்களையே கவனியுங்கள். வாரத்துக்கு மூன்று நாளாவது ஓடுகிறீர்களா? ஓடி முடித்தபின் எண்களைத் திறந்து பார்க்கிறீர்களா? பார்த்ததை வைத்து அடுத்த ஓட்டத்தில் எதையாவது மாற்றினீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அடுத்த படிக்குப் போகலாம். இல்லையென்றால் அந்தப் பணத்தில் நல்ல ஷூ வாங்குங்கள். ஷூவின் அடிப்பகுதி 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் தளர்ந்துவிடும், எப்படியும் அடுத்த ஜோடி வாங்கத்தான் வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: நீங்கள் எங்கே ஓடுகிறீர்கள் என்று பாருங்கள்

வாட்ச் விமர்சனங்கள் இதைக் கேட்பதே இல்லை. வாங்கப்போகும் மாடலைத் தீர்மானிப்பதில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் பங்கு அதிகம்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களை வைத்து நீங்கள் நிற்கும் இடத்தை வாட்ச் கண்டுபிடிக்கிறது. நேரத்தில் நூறு கோடியில் ஒரு பங்கு நொடி பிசகினால் தூரத்தில் 30 சென்டிமீட்டர் பிசகும். செய்தி நேராக வராமல் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வந்தால்? அந்தக் கூடுதல் தூரத்தையும் உண்மை என்றே வாட்ச் நம்பிவிடும். நீங்கள் நடைபாதையில் ஓட, கோடு எதிர்ச்சாரியில் போகும்.

இதைப் பெங்களூரில் வைத்துப் பார்ப்போம். அல்சூர் ஏரியைச் சுற்றி ஓடுகிறவருக்குக் கவலை குறைவு. ஏரிப்பக்கம் வானம் திறந்து கிடக்கிறது. திருவள்ளுவர் சிலையருகே கிளம்பி ஒரு சுற்று வந்தால் மலிவான வாட்சும் விலை உயர்ந்த வாட்சும் ஏறத்தாழ ஒரே கணக்கைத்தான் காட்டும். லால்பாக்கில் பாறைக்குன்றின் பக்கம் வெட்டவெளி, அதனால் அங்கும் சிக்கல் இல்லை. அடர்ந்த மரங்களுக்குக் கீழே வரும்போது கொஞ்சம் தடுமாறும். கப்பன் பூங்காவின் மூங்கில் புதர்கள் பக்கம், அதுவும் மழை பெய்து இலைகள் நனைந்திருக்கும் நாளில், தடுமாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

உண்மையான சோதனை எம்.ஜி. ரோட்டிலும் இந்திராநகர் சி.எம்.எச். ரோட்டிலும் இருக்கிறது. தலைக்கு மேலே மெட்ரோ பாலம், இரு பக்கமும் கட்டடங்கள். வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். அவுட்டர் ரிங் ரோட்டில் டெக் பார்க்குகளின் கண்ணாடிச் சுவர்களும் இதே வேலையைச் செய்கின்றன. தினமும் ஓடும் பாதை இப்படிப்பட்டதென்றால் 'டூயல் ஃப்ரீக்வென்சி' அல்லது 'டூயல் பேண்ட்' உள்ள வாட்சுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் உண்டு.

அது என்ன? பழைய வாட்சுகள் எல்1 என்ற ஒரே அலைவரிசையைக் கேட்கின்றன. டூயல் பேண்ட் வாட்ச் அதோடு எல்5 என்ற இன்னொன்றையும் கேட்கிறது. எல்5-இல் வரும் குறியீடு பத்து மடங்கு வேகமாக மாறுவதால், நேராக வந்த அலை எது, சுவரில் பட்டுத் தாமதமாக வந்த அலை எது என்று பிரித்துக் காண்பது எளிது. இந்தியாவுக்கென்று இஸ்ரோ ஏவிய நாவிக் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களும் எல்5-இல் ஒலிபரப்புகின்றன. ஆனால் வாட்சின் சிப் அதைக் கேட்கும்படி அமைந்திருக்க வேண்டும். வேண்டுமென்றால் வாங்கும் முன் அதன் விவரப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் இது மேல்தட்டு மாடல்களில் மட்டும் இருந்தது. 2023-இல் வந்த கோரோஸ் பேஸ் 3 இதை 229 டாலருக்கே கொடுத்துவிட்டது. அதே சமயம், 2024-இல் அதைவிடச் சற்று அதிக விலையில் வந்த கார்மின் ஃபோர்ரன்னர் 165-இல் இது கிடையாது. 165 நல்ல வாட்ச்தான், ஏரிக்கரையில் ஓடுகிறவர் தாராளமாக வாங்கலாம். விலையையும் துல்லியத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அபார்ட்மெண்ட் வளாகத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடுகிறவரா? இருபது மாடிக் கட்டடங்களுக்கு நடுவே 300 மீட்டர் சுற்று என்றால் எந்த வாட்சும் திணறும். ஒரு சுற்றின் நீளத்தை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் லேப் பட்டனை அழுத்துங்கள். அதற்குச் சாதாரண டிஜிட்டல் வாட்சே போதும்.

மூன்றாம் படி: இரவல் வாங்கிச் சோதியுங்கள்

ஓட்டக் குழுவில் யாராவது ஒருவர் பழைய வாட்சை அலமாரியில் போட்டு வைத்திருப்பார். கேட்டால் தருவார். அதைக் கட்டிக்கொண்டு 400 மீட்டர் தடகளப் பாதையில் நான்கு சுற்று ஓடுங்கள். உள்பக்கம் முதல் லேனில் ஓடினால்தான் சுற்று 400 மீட்டர், எட்டாம் லேனில் அதே சுற்று சுமார் 453 மீட்டர் ஆகிவிடும். ட்ராக் மோடு என்று ஒன்று இருக்கும், அதைப் போடாமல் சாதாரண ரன் மோடில் ஓடுங்கள். ட்ராக் மோடு லேனைக் கணக்கில் எடுத்துக் கோட்டைச் சீராக்கிக் காட்டும், அப்படி ஓடினால் ஜிபிஎஸ்ஸின் உண்மை நிலை தெரியாது. 1.6 கிலோமீட்டருக்கு 1.58-க்கும் 1.63-க்கும் நடுவில் எதைக் காட்டினாலும் எனக்குத் திருப்திதான்.

கிளம்பும் முன், செயற்கைக்கோள் கிடைத்துவிட்டது என்று பச்சை காட்டியதும் பாய்ந்துவிடாதீர்கள். இன்னும் ஒரு நிமிடம் திறந்த வெளியில் நில்லுங்கள். வாட்ச் மேலும் சில செயற்கைக்கோள்களைப் பிடித்துக்கொள்ளும். முந்தின நாள் போனோடு இணைத்து சிங்க் செய்திருந்தால் அவை எங்கே இருக்கும் என்ற தகவல் முன்கூட்டியே வந்துவிடும், பச்சை சில நொடிகளிலேயே காட்டும்.

இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த நொடி வேகம் ஆறு நிமிடம், ஐந்தரை, ஏழு என்று குதிக்கும். வாட்சைக் குறை சொல்ல வேண்டாம். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்றால் நொடிக்கு 2.78 மீட்டர்தான். இருப்பிடத்தில் ஓரிரு மீட்டர் பிசகினாலே அந்த நொடிக் கணக்கு தலைகீழாகிவிடும். திரையில் 'லேப் பேஸ்' வைத்துக்கொள்ளுங்கள். அது அந்தக் கிலோமீட்டரின் சராசரி, குதிக்காது.

நான்காம் படி: இதயத்துடிப்பை எதை வைத்து அளப்பது

வாட்சின் பின்பக்கம் பச்சை விளக்கு மினுக்குகிறதே, அது தோலுக்குள் ஒளி பாய்ச்சி, இரத்த ஓட்டத்தால் திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதை எண்ணுகிறது. உட்கார்ந்திருக்கும்போது நன்றாக வேலை செய்யும். ஓடும்போது கை வீச்சு குறுக்கிடும். நிமிடத்துக்கு 170 அடி வைத்து ஓடினால், வாட்ச் அந்த அடியையே துடிப்பு என்று எடுத்துக்கொண்டு 170 காட்டுவது உண்டு. மெதுவாகத்தான் ஓடுகிறீர்கள், மூச்சும் வாங்கவில்லை, ஆனால் இரண்டாம் நிமிடத்திலேயே 172 என்றால் பக்கத்தில் கேடன்ஸ் எண்ணையும், அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதையும், பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கினால் வாட்ச் எண்ணுவது உங்கள் காலடியை.

பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, நகராதபடி கட்டினால் இது குறையும். பச்சை குத்தியிருக்கும் இடத்தில் கட்டினால் மை ஒளியைத் தடுக்கும், மற்ற கையில் கட்டுங்கள். முழுதும் சரியாக வேண்டுமென்றால் மார்புப் பட்டைதான் வழி. அது இதயத்தின் மின் துடிப்பையே எடுக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலேயே கம்பியில்லாத இதயத்துடிப்புக் கருவியை ஓட்டக்காரர்களுக்குக் கொண்டுவந்துவிட்டது. இன்றும் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மார்புப் பட்டை, லட்ச ரூபாய் வாட்சின் மணிக்கட்டு அளவை முந்திவிடும். கட்டும் முன் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். விஓ2 மேக்ஸ் (உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் என்ற அளவு), பயிற்சித் தயார்நிலை, மீட்சி நேரம் என்று விலை உயர்ந்த வாட்சுகள் காட்டும் மதிப்பெண்களில் பெரும்பகுதி வேகத்தையும் துடிப்பையும் வைத்துப் போடும் கணக்கு. துடிப்பு தப்பென்றால் அதன்மேல் கட்டிய எல்லாமே தப்பு. 'இன்று ஓய்வெடு' என்று வாட்ச் சொன்னதால் ஓடாமல் விட்டவர்களையும், 'நன்றாக இருக்கிறாய்' என்று சொன்னதால் காய்ச்சலோடு ஓடியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

துடிப்பு மண்டலங்களை, அதாவது லேசான ஓட்டம் முதல் கடும் ஓட்டம் வரை பிரிக்கும் துடிப்பு வரம்புகளை, வாட்ச் தானாகவே 220-இலிருந்து வயதைக் கழித்துப் போட்டிருக்கும். அது சராசரிக் கணக்கு. ஒருவரின் உண்மையான உச்சத் துடிப்பு அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு கூடக் குறைய இருப்பது சாதாரணம். நிதானமாக ஓடும் ஈஸி ரன்னில் பக்கத்தில் ஓடுகிறவரோடு மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். தொடக்கத்தில் அந்தச் சோதனையே போதும்.

ஐந்தாம் படி: கூடுதல் பணம் எதற்குப் போகிறது

கார்மின் ஃபோர்ரன்னர் 265, 965 இரண்டும் 2023 மார்ச்சில் ஒன்றாக வந்தன. வந்தபோது அமெரிக்காவில் முதலாவது 450 டாலர், மற்றது 600 டாலர். இரண்டிலும் டூயல் பேண்ட் உண்டு, துடிப்பு உணரியும் ஒரே தலைமுறை. அந்த 150 டாலருக்குக் கிடைப்பது முழு வரைபடம், பெரிய திரை, டைட்டானியம் வளையம், நீண்ட பேட்டரி. அல்சூரில் ஓடும் ஐந்து கிலோமீட்டரை இரண்டும் ஒரே மாதிரிதான் அளக்கும்.

ஓசூரிலிருந்து வேலைக்கு வந்து சர்ஜாபூர் ரோட்டில் தங்கியிருக்கும் ஒரு தம்பியோடு நடந்த பேச்சு இது:

"அண்ணா, 965 எடுக்கலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"அதுல மேப் இருக்குண்ணா. வழி தப்பாது."

"சரி, எங்க ஓடறீங்க?"

"அபார்ட்மெண்ட்லயே... கீழ பார்க்கிங் சுத்தி."

சிரித்துவிட்டு அவரே போனை உள்ளே வைத்துக்கொண்டார்.

வரைபடம் தேவைப்படுவது காட்டுப்பாதையில், மலைப்பாதையில் ஓடுகிறவருக்கு. பேட்டரி தேவைப்படுவது பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற அல்ட்ராக்காரர்களுக்கு. முதல் மாரத்தானை ஆறு மணி நேரத்தில் முடித்தாலும் நடுத்தர விலை ஓட்ட வாட்சில் பாதிக்கு மேல் சார்ஜ் மிச்சமிருக்கும். சாதாரண ஸ்மார்ட்வாட்ச் கதை வேறு. தினமும் சார்ஜ் கேட்கும் வாட்சை நம்பி மாரத்தானுக்குப் போவதென்றால் முன்னதாக ஒரு லாங் ரன்னில் அதைச் சோதித்துவிடுங்கள். காற்றழுத்தத்தை வைத்து உயரம் அளக்கும் உணரி, சைக்கிளிலோ காலாலோ நந்தி மலை ஏறுகிறவருக்குப் பயன்படும். நந்தி 1,478 மீட்டர், பெங்களூரு 900 மீட்டருக்குச் சற்று மேலே. ஜிபிஎஸ் மட்டும் வைத்து உயரத்தைக் கணக்கிட்டால் ஏற்றம் தாறுமாறாகத்தான் வரும். இந்த உணரியும் இப்போது ஃபோர்ரன்னர் 165, பேஸ் 3 அளவிலேயே கிடைக்கிறது.

ஆக இந்த நான்கில் ஒன்றாவது உங்களுக்கு உண்மையிலேயே பொருந்தினால் மேலே போங்கள்: பல மணி நேர அல்ட்ரா, காட்டுப்பாதை, நீச்சலும் சைக்கிளும் சேர்ந்த டிரையத்லான், அல்லது வாட்சைக் கல்லில் இடிக்கும் வேலை. ஐந்தாவது காரணம் ஒன்றும் உண்டு, பிடித்திருக்கிறது என்பது. சம்பாதித்த பணம், ஆசைக்கு வாங்கினால் யாரும் கேட்க முடியாது. வேகம் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ஆறாம் படி: பந்தயத்தில் வாட்சும் கிலோமீட்டர் பலகையும் ஒத்துப்போகாது

பெங்களூரில் 2008-இலிருந்து நடக்கும் பத்துக் கிலோமீட்டர் பந்தயமான டிசிஎஸ் வேர்ல்ட் 10 கே-யில் முதன்முறை ஓடுகிறவர்கள் முடித்ததும் சொல்வது, "என் வாட்ச்ல 10.15 வந்துச்சு, தூரம் தப்பா அளந்துட்டாங்க." தப்பாக அளக்கவில்லை. இப்படிப்பட்ட பந்தயப் பாதைகளைச் சக்கரத்தில் எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில், வளைவுகளில் உள் ஓரத்தை ஒட்டிய மிகக் குறுகிய வழியில் அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டியும் வைப்பார்கள். நீங்கள் ஆயிரக்கணக்கானவர்களோடு, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, ஆளை முந்தி, வளைவின் வெளிப்பக்கமாக ஓடுகிறீர்கள். கூடத்தான் வரும்.

இதில் உங்கள் இலக்கு நேரமும் சிக்கியிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க நினைத்து வாட்சில் சரியாக ஆறு நிமிட வேகம் வைத்து ஓடினால், 10.15 கிலோமீட்டருக்கு 60 நிமிடம் 54 நொடி ஆகும். இலக்கு கைநழுவும். தானாக விழும் லேப்பை அணைத்துவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போது நீங்களே லேப் பட்டனை அழுத்துங்கள். இதற்காகவே தொடுதிரை மட்டும் உள்ள வாட்சைவிடப் பட்டன் உள்ள வாட்சை வாங்கச் சொல்வேன். வியர்வை விரலுக்கும் பெங்களூரு மழைக்கும் தொடுதிரை ஒத்துழைக்காது.

ஏழாம் படி: எங்கே, எப்போது வாங்குவது

புது மாடல் வந்ததும் பழையதின் விலை இறங்கும். தீபாவளி, குடியரசு தின விற்பனைகளில் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஓட்ட வாட்சில் ஒரு தலைமுறை பழையது பெரும்பாலும் குறைச்சல் இல்லை, அதைத்தான் தேடிப் போங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் சித்தப்பா பையனிடம் சொல்லி வாங்கும் யோசனை எல்லோருக்கும் வரும். விலை வித்தியாசத்தைப் பார்க்கும் முன், அந்த நிறுவனம் வெளிநாட்டில் வாங்கிய வாட்சுக்கு இந்தியாவில் வாரண்டி தருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பழைய வாட்ச் வாங்குவதாக இருந்தால் பில், சார்ஜர் கேபிள் இரண்டும் கேளுங்கள். பல மாடல்களுக்கு அவற்றுக்கே உரிய கேபிள்தான். முந்தைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டாரா என்று அவர் முன்னாலேயே உங்கள் போனில் இணைத்துப் பாருங்கள். முழு சார்ஜில் ஒரு மணி நேரம் ஜிபிஎஸ் போட்டு ஓடி, எத்தனை சதவீதம் குறைகிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பேட்டரியை நாமே மாற்றும்படி இவற்றைச் செய்வதில்லை.

எட்டாம் படி: வாங்கியதும் செய்ய வேண்டியவை

போன் அறிவிப்புகளை ஓட்ட நேரத்துக்கு அணையுங்கள். ஒரே திரையில் மூன்று எண் போதும்: லேப் பேஸ், மொத்தத் தூரம், துடிப்பு. பதிவு முறையில் 'ஒவ்வொரு நொடியும்' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். மற்ற முறை நினைத்தபோதுதான் இருப்பிடப் புள்ளி வைக்கும், வளைந்து வளைந்து போகும் பூங்காப் பாதையில் தூரம் குறைந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது தானாக நிற்கும் வசதி பயிற்சிக்குச் சரி, பந்தய நாளில் அணைத்துவிடுங்கள்.

ஓடி வந்ததும் பட்டையைக் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் அலசி, வாட்சையும் கையையும் காயவிடுங்கள். ஈரத்தோடு நாள் முழுக்கக் கட்டியிருந்தால் தோல் சிவந்து அரிக்கும். சார்ஜ் போடும் முன் பின்பக்க உலோக முனைகளைத் துணியால் துடைத்துவிடுங்கள். வியர்வை உப்பு படிந்திருக்க மின்சாரம் கொடுத்தால் முனைகள் அரித்துப்போகும்.